மேல் கொக்கி

"செத்துப்போன மனுஷனோட சட்டையை எடுத்துட்டு வந்து பொம்மைக்கு மாட்டி வச்சிருக்கா உன் மக! நீயே வந்து பாரு இந்தக் கூத்தை!"

போனில் அண்ணன் போட்ட சத்தத்தில் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. பீரோவைத் திறந்தாள். தினமும் சாமி கும்பிட்டு முடித்ததும் அவள் தொட்டுப் பார்க்கும், இறந்துபோன கணவரின் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காணோம்.

போட்டது போட்டபடி அண்ணனின் பட்டறைக்கு ஓடினாள்.

பட்டறைக்குப் பின்னால், காலி மனையில் டிராக்டர் நின்றிருந்தது. சீட்டில் மணல் மூட்டையால் செய்த ஓர் ஆள் உருவம். அதற்கு அந்தச் சட்டை. கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தது, அவர் போடுகிற மாதிரியே.

அம்மா மகளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடிப்பாவி! டிராக்டர் கம்பெனியில பெரிய இன்ஜினீயருன்னு பேரு. லீவுல வந்து செய்யற வேலையா இது?"

"அழாதம்மா. இதைக் கொஞ்சம் வச்சுக்கோ."

மகள் எதையோ கையில் திணித்தாள். அழுகிற வேகத்தில் அம்மா அதைப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டிராக்டருக்குப் பின்னால், பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை ஒன்று மண்ணில் புதைந்து கிடந்தது. அதில் கட்டிய சங்கிலியின் மறுமுனை, சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருந்த இரும்புக் கொக்கியில் மாட்டியிருந்தது.

அந்த மேல் கொக்கி, அம்மாவின் அண்ணனான மாமாவின் சொந்தத் தயாரிப்பு. உயரத்திலிருந்து இழுத்தால் பின் சக்கரம் மண்ணை நன்றாகக் கவ்வும் என்று இன்றைக்கும் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொண்டு போகிறார்கள்.

"அன்னிக்கு அப்பா கட்டை இழுத்த மாதிரியே வச்சிருக்கேம்மா. பொம்மை கூட அப்பா எடைதான். தூரமா நின்னு கயித்தால கிளட்சை விடப்போறேன். வண்டி ஏன் கவிழ்ந்துச்சுன்னு நீயே பாரு."

"அதான் ஊருக்கே தெரியுமேடி! குடிச்சுட்டு ஏறினாரு, கவுத்துக்கிட்டாரு. எல்லாரும் சிரிச்சு ஓய்ஞ்சு இப்பதான் நான் தலை நிமிர்ந்து நடக்கிறேன். மறுபடியும் கிளறாதே!"

"அப்பா குடிச்சு நீ பார்த்திருக்கியாம்மா?"

அம்மா திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"நான் பார்த்தேன்ல?" என்றார் மாமா. "முதல்ல ஓடிப்போய்த் தூக்கினவன் நான்தானே! அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகல."

"கேட்டியா? மாமா இல்லேன்னா நாம நடுத்தெருவுல நின்னிருப்போம்டி. உன்னைப் படிக்க வச்சதே அவருதான். அவரு பட்டறையிலேயே வந்து..."

"விடும்மா, சின்னப் பொண்ணு," மாமா பெருந்தன்மையாகச் சிரித்தார். "ஏ வாயாடி, பொம்மை கவுந்தா அதுல என்ன தெரியும்? அதுக்குப் புத்தியா இருக்கு? நிதானத்துல இருக்கிற மனுஷன் கிளட்சை மிதிச்சு நிறுத்தியிருப்பான், இல்லே குதிச்சுத் தப்பிச்சிருப்பான். மாப்பிள்ளைக்கு நிதானம் இல்லே, அவ்வளவுதான்."

மகள் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டாள்.

"அதுவும் சரிதான் மாமா."

விறுவிறுவென்று போய்ப் பொம்மையைக் கீழே தள்ளினாள். அதன் சட்டையைக் கழற்றித் தன் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டாள். ஏறி சீட்டில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்றே?" மாமாவின் சிரிப்பு நின்றது.

"நான்தான் நிதானமா இருக்கேனே! நானே இழுத்துக் காட்டறேன்."

"இறங்கு கண்ணு. விளையாடாதே."

"ஏன் மாமா? கவுந்தா குதிச்சுடறேன்."

அவள் கை சாவி போடுகிற இடத்துக்குப் போனது. கால் கிளட்சை அழுத்தியது.

"ஐயோ, வேண்டாம்!" மாமா பாய்ந்து ஓடினார். துண்டு எங்கேயோ பறந்தது. "மேல் கொக்கியில மாட்டியிருக்குடி! கட்டை நகரலேன்னா சக்கரம் சுத்தாது, வண்டியே சுத்தும்! மூக்கைத் தூக்கிட்டு அப்படியே மல்லாந்துடும்! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடும்டி, எவ்வளவு நிதானமா இருந்தாலும் குதிக்க முடியா..."

சொன்னது தன் காதிலேயே விழ, நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

பட்டறையில் சம்மட்டிச் சத்தம் கூட நின்றுபோயிருந்தது.

மகள் மெதுவாக இறங்கினாள். அவள் கையில் ஒன்றுமில்லை.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே டிராக்டர் சாவி.

"கண்ணு... எனக்கும் அப்புறம்தான் தெரிஞ்சுது, கொக்கிதான் காரணம்னு..." மாமா ஏதோ சொல்ல வந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா அழவில்லை. கிட்டத்தில் வந்து, சத்தம் போடாமல் கேட்டாள்.

"குடிச்சுட்டு ஏறின பாவத்தை மன்னிச்சுடு கடவுளேன்னு இத்தனை வருஷமா அவருக்காகக் கும்பிட்டேன். நாளையிலேர்ந்து யாருக்காகக் கும்பிடணும்? நீயே சொல்லுண்ணா."