மூன்று மணிக்கு ஏறிய ஈரம்

அந்தக் கோடையில் மருந்துப் பொருள் வைத்த அறையைக் குளிர்விக்க மட்டுமே மின்சாரம் தந்தார்கள். தணிகாசலத்தின் முதுகுவலிக்காக உரிமம் வாங்கி வளர்த்த கஞ்சாக் கிளைகள், வேலூர் வீட்டின் சிறிய அறையில் தலைகீழாகத் தொங்கிக் காய்ந்தன. பதினெட்டு டிகிரி வெப்பம், அறுபது சதவீத ஈரப்பதம் தாண்டக் கூடாது. ஆனால் தினமும் மூன்று மணிக்கு ஈரம் எழுபதைத் தொடுவதாக, வேலைக்குப் போயிருக்கும் மனைவி குமுதவல்லியின் போனுக்கு அறைக் கருவியிலிருந்து செய்தி வந்தது. அந்நேரம் வீட்டில் தணிகாசலம் மட்டும்தான். கதவைத் திறந்து திருட்டுத்தனமாக யாருக்கோ விற்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம்.

புதன்கிழமை சொல்லாமல் வந்தாள். அறை வாசலில் ஒரு பெண்ணின் செருப்பு கிடந்தது. பக்கத்தில் தணிகாசலம் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். குமுதவல்லி கதவைத் திறந்தாள். கிளைகளுக்கடியில் பாய் விரித்து, மாடிவீட்டு நஸ்ரின் நிறைமாத வயிற்றோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மேல அம்பது டிகிரி. போன வாரம் மயங்கி விழுந்துட்டா," என்றார்.

"இவ மூச்சுல பூஞ்சை புடிச்சா உங்க மருந்து போச்சு."

"வலி எனக்குத்தானே."

அவள் போன் அடித்தது. உரிமக் கண்காணிப்பு அலுவலகம்; ஈர அளவு அங்கேயும் போகும்.

"ரூம்ல யாரும்மா இருக்காங்க?"

"யாருமில்ல சார். நான்தான் ஈரத்துணி காயப்போட்டேன்."

"விதிமீறல்னு உரிமத்துல குறிச்சிடுவோம்மா."

"குறிச்சிக்குங்க," என்ற குமுதவல்லி, அனல் உள்ளே போகாதபடி கதவை மெல்லச் சாத்தினாள்.