ஐந்து கால் போதிசத்துவர்

குகை வாசலில் இரண்டு ஓவியத் துணிகளையும் அதிகாரி ஒட்டினாற்போல் சேர்த்து நிறுத்தியதும் யானைக்கு ஐந்து கால் வந்தது.

அவர் விரல் விட்டு எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார்.

சாதாரண யானை அல்ல. முற்பிறவி ஒன்றில், போதிசத்துவராக இருந்தபோது, புத்தரே யானையாகப் பிறந்த கதை அது. குகையின் முதல் சுவரிலிருந்த அந்த ஓவியத்தைக் கணவனும் மனைவியும் ஆளுக்குப் பாதியாக நகல் எடுத்திருந்தார்கள். பிழை இல்லாவிட்டால்தான் மீதி மூன்று சுவர்களை நகலெடுக்கும் வேலையும் அவர்களுக்கு. இருந்தால், வேறு யாருக்கோ.

“போதிசத்துவருக்கு ஒரு கால் சேர்த்தே போட்டுட்டீங்க,” என்றார் அதிகாரி.

இடது பாதியில் கணவன் வரைந்தவை மூன்று. வலது பாதியில் மனைவி வரைந்தவை இரண்டு.

அவள் வரையும் தாமரை முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறது என்று கணவன் அவளுடைய அண்ணன் முன்னாலேயே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இருபத்திரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

வேலை மட்டும் நடந்தது. வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் விளக்கிடம் சொல்வாள். அவன் திருப்பி வைப்பான்.

சுவரின் முன் நூல் கட்டி, சாண் அளவுக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தை முடித்த பிறகே அடுத்ததைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அப்படிப் பார்ப்பவர்களுக்கு யானை தெரியாது. கோடும் நிறமும்தான் தெரியும். கால்களை எண்ண வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

“என் பக்கம் சரியாத்தான் இருக்கு சார். அந்தப் பக்கம் கேளுங்க,” என்றான் கணவன்.

“நான் போட்டது ரெண்டு காலுதான் சார். மூணு போட்டவங்களக் கேளுங்க,” என்றாள் மனைவி.

அதிகாரி விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். இருவரும் அவருக்கு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள்.

சுவரில் யானை நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்து.

ஆயிரம் வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேர் அந்தச் சுவரைக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. இந்த யானையைப் பற்றி அதிகாரியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ‘மூலத்தில் உள்ளபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று சுவர்களும் அவர்களுக்கே.

மனைவி விளக்கை வாங்கி, மூன்றாவது காலுக்கும் நான்காவதுக்கும் நடுவே பிடித்தாள்.

மேலிருந்து கீழ்வரை மயிரிழையாக ஒரு கோடு. அதற்கு இடப்பக்கம் தூரிகை தடித்து ஓடியிருந்தது. வலப்பக்கம் மெலிந்து.

“இங்கயும் ரெண்டு பேரு,” என்றாள் கணவனைப் பார்த்து. “பேசிக்கல போல.”

“எத்தனை நாளாம்?”

“யானை முடியுற வரைக்கும்.”