செண்பகத்தின் சிவப்புக் கல்

செண்பகம் கால் வைத்ததுதான் தாமதம், நாற்காலியை விட்டுப் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார் சூப்பர்வைசர் வீரராகவன். கும்மிடிப்பூண்டி செல்போன் பாகக் கம்பெனி வாசலில் அன்று காலைதான் நட்டிருந்த மெட்டல் டிடெக்டர் நிலை, "ப்பீ..." என்று அலறியது.

அவள் மூக்கில் சிவப்புக் கல். வீரராகவனுக்கு ஒரே குஷி.

"மாட்டினியா! குந்துமணி மெட்டல்கூட உள்ள வரக் கூடாதுன்னு ரெண்டு மெமோ குடுத்தேன். கயட்டு மூக்குத்திய."

"கயட்ட மாட்டேன் சார். காலியா உட்டா ஓட்ட தூந்துடும்."

"அப்போ கார்டைக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போய்க்கினே இரு. இது மூணாவது மெமோ, வேலை அவுட்டு!"

கணவன் லோகுவின் கை பிரஸ் மெஷினில் மாட்டி நசுங்கியதிலிருந்து வீட்டில் இவள் ஒருத்தி சம்பளம்தான். அது தெரிந்துதான் மனுஷன் கையை நீட்டினார். பின்னால் வரிசையில் நின்ற முப்பது பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னப் பாரு. வாச்சு, மோதிரம், பெல்ட்டு எல்லாம் லாக்கர்ல. ரூலுன்னா ரூலு!" நழுவிய பேண்ட்டை இடுப்புக்கொடிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

செண்பகம் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு மூக்கிலிருந்ததை உருவி, நீட்டிய அந்தக் கையிலேயே வைத்தாள்.

துளியூண்டு வேப்பங்குச்சி. அதன் தலையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"போன மெமோ அன்னிக்கே தங்கத்த எடுத்துட்டு குச்சி மாத்திக்கினேன் சார். உங்க எதிர்ல மூளி மூக்கோட நிக்கக் கூடாதுன்னுதான் பொட்டு ஒட்டினேன்."

வீரராகவனுக்கு முகம் சுண்டிப்போனது. "அப்போ மிஷின் இன்னாத்துக்குக் கத்திச்சி? ரிப்பேரா?"

நிலைக்குள்ளிருந்து வெளியே வந்து நின்று அவளை முறைத்தார். அவள் குச்சியை வாங்கி நிதானமாக மூக்கில் செருகிக்கொண்டு, நிலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனாள். சத்தமே இல்லை.

நம்பாமல் அவரும் உள்ளே நுழைந்து, குனிந்து நிலையைத் தட்டினார். சட்டை மேலேறியது.

"ப்பீ..."

வரிசை மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. செண்பகம் பொத்தவில்லை.

"ரூலுன்னா ரூலு சார், வெள்ளி அரைஞாணக் கயட்டுங்க!"