அரை இன்ச்

“இடுப்புல இன்னும் அரை இன்ச் பிரிச்சு விடுங்கண்ணா. அவருக்குத் தெரியக் கூடாது,” என்று கணவரின் பேண்ட்டைத் தையல்காரரிடம் நீட்டினாள் அவள்.

“சார் இளைச்சுட்டதா சொன்னாரே?”

“எங்க இளைச்சாரு? ரெண்டு மாசமா ரெண்டு பேரும் காலையில சைக்கிள் ஓட்டுறோம். ராத்திரி வெறும் காய்கறிதான். அவருக்கு ஒரு நூல்கூடக் குறையல. பேண்ட் லூசானாத்தானே விடாம ஓட்டுவாரு?”

“உங்களுக்குக் குறைஞ்சிருக்காக்கா?”

“எனக்கென்ன, சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு,” என்றாள் பெருமையாக.

தையல்காரர் பேண்ட்டை வாங்கி, மேசையில் கிடந்த அவளுடைய பச்சைச் சட்டை தெரியாதபடி அதன்மேல் விரித்தார்.

நேற்று அந்தச் சட்டையைப் பிரித்துவிடக் கொடுத்தபோது அவள் கணவரும், “அவளுக்குத் தெரியக் கூடாது,” என்றுதான் சொல்லியிருந்தார்.