குளிர் டியூப்

“கை வச்சது நீதான்! வேற எவ வருவா?”

மைக்ராஸ்கோப் அறையிலிருந்து அண்ணி போட்ட சத்தத்தில் மொத்த லேபும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“அண்ணி, வார்த்தையை அளந்து பேசுங்க. உங்க டியூபைத் தொட்டு எனக்கு என்ன ஆகப்போகுது?”

“ஏன் ஆகாது? நான் தோத்துட்டா என் ஆராய்ச்சி உன் கைக்கு வரும்ல? நீ இங்க சேர்ந்த நாள்லேர்ந்துதான் இந்தக் குளிர் டியூப் எரியுது. அதுக்கு முன்னால ஒரு தடவையாவது எரிஞ்சிருக்கா? யாரை வேணா கேளு!”

நாத்தனாருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. கோபம் வந்தால் அப்படித்தான். அதனாலேயே வீட்டிலும் லேபிலும் அவளுக்கு மிளகாய் என்று பேர். அண்ணன் முகத்துக்காக இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் முடியாது.

சண்டைக்கெல்லாம் மூலகாரணம் ஒரு பேதிக் கிருமி. சரியான கள்ளன் அது. வெளியே குளிரில் கிடக்கும்போது, விஷம் தயாரிக்கும் மரபணுவை இழுத்து மூடிக்கொண்டு ஒன்றுமே தெரியாததுபோல் இருக்கும். மனிதனுடைய உடம்புச் சூடு பட்டதும் திறந்துவிடும். அண்ணி அந்த விஷ மரபணுவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பச்சை ஒளி தரும் மரபணுவை வைத்திருந்தாள். சூட்டில் வளர்த்த டியூப் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக எரியவேண்டும். குளிரில் வளர்த்தது எரியவே கூடாது. எரிந்தால், பட்ட பாடெல்லாம் குப்பைக்குத்தான்.

சத்தம் கேட்டு லேபின் தலைவி மேடம் வந்துவிட்டார்.

“இது லேபா, சந்தைக்கடையா? வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்க மாட்டீங்களா?”

“மேடம், ஒண்ணு இவ இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். என் டியூபை எடுத்து வெளியே வச்சுச் சூடாக்கிட்டு, திரும்பவும் குளிர்பெட்டியில வச்சிடறா!”

“பொய்! அபாண்டம்! நாக்கு கூசலையா அண்ணி?” மிளகாய்க்குக் கண்ணீரே வந்துவிட்டது. “மேடம், நாளைக்கு இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க. குளிர்பெட்டிச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும். நான் காலையிலேர்ந்து உங்க ரூமை விட்டு நகரமாட்டேன். அப்பவும் எரியுதான்னு பார்ப்போம்.”

“எரியலைன்னா?” என்றார் மேடம்.

“எரியலைன்னா நான்தான் செஞ்சேன்னு நீங்களே என்னை அனுப்பிடுங்க.”

சொன்ன பிறகுதான் யோசித்தாள். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் வேறு எந்த லேபில் சேர்ப்பார்கள்? அண்ணன் முகத்தில்தான் எப்படி முழிப்பது?

மறுநாள் காலையில் மேடம் தன் கையாலேயே குளிர்பெட்டியைத் திறந்து அண்ணியிடம் டியூப்களைக் கொடுத்தார். மிளகாய் மேடத்தின் எதிர் நாற்காலியில் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். இருப்பது ஒரே மைக்ராஸ்கோப். அன்றைக்குப் பார்த்து அதற்கு அப்படி ஒரு கூட்டம். அண்ணியின் முறை வருவதற்குள் மதியமே ஆகிவிட்டது.

அண்ணி கூப்பிட்டதும் மேடமும் மிளகாயும் ஓடினார்கள். மேடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

“எரியுது. நல்லாவே எரியுது.”

மிளகாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“இப்ப பேசுங்க அண்ணி! ஊர் கூட்டி என்னைத் திருடியாக்குனீங்களே, இப்ப எங்க போச்சு அந்த வாய்?”

அண்ணியும் குனிந்து பார்த்தாள்.

“நீ கொஞ்சம் சும்மா இரும்மா,” என்று மிளகாயை அடக்கினார் மேடம். அண்ணியிடம் திரும்பினார். “காலையில நான் கொடுக்கும்போது ஜில்லுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் யாராவது தொட்டாங்களா?”

“என்னை மீறி யார் தொட முடியும் மேடம்? முன்னெல்லாம் என் முறை வர்ற வரைக்கும் வராந்தாவுல ஐஸ் பெட்டியில வச்சிட்டுப் போவேன். இவ வந்து சேர்ந்ததுலேர்ந்து அங்க வைக்கிறதையே விட்டுட்டேன். யாரை நம்பி வைக்கிறது?”

“அப்போ எங்கதான் வைக்கிறே?”

“என்கிட்டயேதான் மேடம். இதோ பாருங்க, இன்னொரு டியூபும் பத்திரமா இருக்கு.” வெள்ளைக் கோட்டுக்குள், ரவிக்கைக்குள்ளிருந்து டியூபை எடுத்து மேடத்தின் உள்ளங்கையில் வைத்தாள் அண்ணி.

அது வெதுவெதுவென்று இருந்தது.