நிறுத்தக் கூடாத பூசை

"மதர் கிளமென்சியா பேர்ல இனிமே ஆத்துமா பூசை வைக்க முடியாதும்மா" என்றான் எழுத்தர் சகாயம்.

மயிலாப்பூர் மாதா கோயில் அலுவலகத்தில் நவம்பர் மாதக் கூட்டம். எல்லாரும் இறந்துபோன தங்கள் மனிதர்களுக்குப் பூசை எழுதிவைக்க வந்தவர்கள். சூசையம்மாள் நகரவில்லை.

"இன்னாத்துக்கு முடியாது? வருசா வருசம் நாந்தான வச்சிக்கினு வர்றேன்."

"போன மாசம் ரோம்ல அவங்கள புனிதைன்னு அறிவிச்சிட்டாங்களே, டிவியில பாக்கல? அப்படின்னா மோட்சத்துல இருக்காங்கன்னு திருச்சபையே உறுதி சொல்லிட்டதா அர்த்தம். இனிமே அவங்களுக்காக நாம வேண்ட வேணாம். அவங்கதான் நமக்காக வேண்டணும்." சகாயம் சிரித்தான். "மந்திரி ஆயிட்டவருக்குப் போயி நாம சிபாரிசு பண்ணுவோமா?"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

சூசையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. மதரின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்தான். எல்லாரும் என்னைப் புனிதை என்று சொல்லிக்கொண்டு எனக்காக வேண்டுவதை விட்டுவிடுவார்கள், நீயாவது விட்டுவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார் மதர். பின்னால் புனிதைப் பட்டத்துக்காக விசாரிக்க வந்த பாதிரியார்களிடம் அதை அப்படியே சொன்னாள். சொன்னால் பட்டம் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். அவர்களோ, என்ன ஒரு தாழ்ச்சி என்று கண் கலங்கி, அதையே பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்ற உறுத்தல் அவளுக்கு இன்றும் போகவில்லை.

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கம்மா."

"சரி நைனா, வேற பேரு எழுதிக்க. தங்கபுஷ்பம்."

"யாரு அது?"

"என் தங்கச்சி. புனிதையெல்லாம் இல்ல. கோவக்காரி. சின்னதுல என் ரிப்பன எடுத்து ஒளிச்சி வச்சிக்கினு, இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணுவா. அவளுக்காக வேண்டிக்க என்னை விட்டா யாரும் இல்ல."

சகாயத்துக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் காலைப் பூசையிலேயே இடம் கொடுத்தான்.

காலையில் மதர் கிளமென்சியாவின் பெரிய படத்துக்கு முன்னால் கூட்டம் மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடிக்கொண்டிருந்தது. பீடத்தில் பாதிரியார், தங்கபுஷ்பத்தின் ஆன்மா இளைப்பாற வேண்டுவோம் என்றார்.

சூசையம்மாள் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மடத்துல சேந்தப்ப பேர மாத்திக்கினது நல்லதாப் போச்சுடி, புஷ்பம்" என்றாள் மெல்ல.