கடலுக்கு முதுகு

நிருஜா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை முழுக்கக் கார்கள் நிற்கும் பக்கம். மத்தியானத்திலிருந்து மூன்று கடற்கரைகளைக் காட்டிக் களைத்துப்போன சோதிலிங்கத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவைப்படவில்லை.

"பிள்ளை, இஞ்சால திரும்பிக் கடலைப் பாரன்" என்றார் தாய் செல்வநாயகி.

"எனக்கு இந்தப் பக்கம்தான் நல்லா இருக்கு, அம்மா."

சோதிலிங்கத்தின் கையில் ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்துமூன்று வயது மாப்பிள்ளைக்கு அந்த அலங்காரம் ஒன்றுதான் குறையாக இருந்தது.

பெண் பார்ப்பதைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம் என்றது அவன்தான். அவன் பங்குக்கு இருக்கும் வாடகை வீட்டில் ஐந்து பெடியள், ஒரே குளியலறை. அதைக் காட்டினால் சம்பந்தம் வாசலோடு திரும்பிவிடும். கடற்கரைக்கு ரென்ட் இல்லை. ஆகவே அந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் ஞாயிறு முழுக்க, ஆக்லாந்தின் கரைகளைத் தன் பரம்பரைச் சொத்துப் போலக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

செல்வநாயகி காரில் ஏறும்போதே பேச்சை முடித்துவிட்டார். முடிவு சொல்லும்வரைதான் இந்தச் சந்திப்பெல்லாம். "சூரியன் கடலுக்குள்ள விழுறதைக் காட்டுறன் எண்டீர், தம்பி. காட்டும். அது விழ, நான் என்ர முடிவைச் சொல்லுறன்."

எல்லர்ஸ்லியில் ஒரு கணக்காளரும் வரிசையில் நின்றார். அவருக்குச் சொந்த வீடு இருந்தது, மோர்ட்கேஜ் இருந்தது, நாளுக்கொன்றாகக் கட்ட டை இருந்தது. விரிப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் பெட்டி ஏற்றி இறக்கும் சோதிலிங்கத்திடம் இருந்தது இந்த ஒரு சூரியன்தான்.

காரை இரவல் தந்த கீதன் புறப்படும்போது வரைபடத்தையும் நீட்டினான்.

"உது எனக்கெதுக்கடா? மணிக்கூடு இல்லாமல் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறினவன் நான். சூரியன் எனக்குத் திசை சொல்லும்."

சொல்லிவிட்டு வாசலில் நின்று உச்சிச் சூரியனை அண்ணாந்து பார்த்தான். ஊரில் பழகிய கணக்கு அது: மத்தியானச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், அதைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் மேற்கு. எட்டு மாதமாக ஜன்னலில்லாத கட்டடத்துக்குள் இருட்டோடு போய் இருட்டோடு திரும்பியவன், வலது கையை நம்பிக் காரை விட்டான்.

மூன்று மணிக்கு மேகம் வந்து வானத்தை மூடிவிட்டது. அதற்குப் பிறகு துறைமுகப் பாலத்தைத் தாண்டி இந்த டாக்கப்பூனாக் கரைக்கு வந்து பாயை விரித்தார்கள். எதிரே ரங்கிட்டோட்டோத் தீவு கவிழ்த்துவைத்த தாச்சிச் சட்டிபோலக் கிடந்தது.

"அந்தத் தீவுக்குப் பக்கத்திலதான் விழும், பாருங்கோ..." 'மாமி' என்று சொல்ல வாயெடுத்தான். "அன்ரி" என்றுதான் வந்தது.

"எப்பிடித் தெரியும்?"

"எல்லாம் அனுபவம்தான்."

தினமும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து ஆல்பனிக்குப் படிக்கப் போகிற நிருஜா, அந்தச் சொல்லுக்கு ஒருதரம் இருமினாள்.

ஏழரை மணியளவில் மேகம் கிழிந்தது. மூவரின் நிழல்களும் மணலில் திடீரென்று முளைத்து, பனைமரம்போல நீண்டு, நேரே கடலுக்குள் இறங்கின.

நிழல் முன்னால் விழுந்தால் சூரியன் எங்கே நிற்கும் என்று அறிய வெங்காயத் தோட்டத்தில் வளரத் தேவையில்லை. சோதிலிங்கம் மெல்லத் திரும்பினான். கார்களுக்கும் கூரைகளுக்கும் அப்பால், ஒரு டெய்ரிக் கடையின் விளம்பரப் பலகைக்குப் பின்னால், சூரியன் பழுத்துச் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. நிருஜாவின் முகம் முழுக்க அந்த வெளிச்சம்.

செல்வநாயகியும் திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, கடல் அந்தக் கடைக்குப் பின்னாலயோ கிடக்குது?"

"இல்லை அன்ரி... இந்த நாட்டுச் சூரியன்..."

"சூரியனில பிழை சொல்லாதையும்."

அவர் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "நீர் காட்டுறன் எண்டதைக் காட்டேல்லை. நானும் சொல்லுறன் எண்டதைச் சொல்லமாட்டன்." கார்ப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

முடிந்தது. டையைக்கூடத் தளர்த்தாமல் வீட்டில் இருந்தபடியே கணக்காளர் வென்றுவிட்டார். சோதிலிங்கம் பாயைச் சுருட்டக் குனிந்தான். மறு முனையை நிருஜா பிடித்தாள்.

"இஞ்ச மத்தியானச் சூரியன் வடக்கிலயெல்லோ நிக்கும். ஊர்க் கணக்கில வந்திட்டியள், என்ன? சூரியன் கடல்ல விழுறது முரிவாய்ப் பக்கம்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"பாலத்தில ஏறேக்கையே தெரியும்."

அவனுக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! அந்தக் கணக்காளரைத்தான் பிடிச்சிருக்கெண்டா நேரவே சொல்லியிருக்கலாம். நான் இப்பிடிக் கோமாளியா நிண்டிருக்கத் தேவையில்லை."

தாய் காருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று அவள் ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா சொன்ன சொல் மாறமாட்டா. சூரியன் கடல்ல விழுறதைக் காணுமட்டும் முடிவு சொல்லவும் மாட்டா."

மடித்த பாயை அவன் கையில் வைத்தாள்.

"வாற ஞாயிறும் உங்களோட வரவேணுமெல்லோ."